அச்சிடுவோர் கடன்

உலகத்திலே ஒருவன் மற்றொருவனுக்குச் செய்யுந் தீங்குகளுள்ளே, தீங்குற்றவன் தான் தீங்குற்றமையை அறியமாட்டாதபடி செய்யப்படுவதே மிகக் கொடியது. நிறை குறைந்த அரிசியைக் கொண்டவன் வீட்டிலே நிறுத்துப் பார்த்து வணிகனை வினாவுவான். பிழைபட்ட நூலைக் கொண்ட பிள்ளையோ, அப்பிழையையே அறிவென்று கொண்டு, முதுமைகாறுஞ் சுமந்து, தன் மக்களுக்கும் முதுசொமாகக் கொடுத்துச் செல்லும். ஆதலால், நூல் அச்சிடுவோரும், பாடநூல் இயற்றுவோரும், பத்திரிகை நடாத்துவோரும் சமுதாயத்துக்குச் செலுத்தவேண்டிய கடன் யாது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஏட்டுச்சுவடிக் காலத்திலே, ஓரேட்டிற் புகுந்த வழு அவ்வேட்டினோடும், அதனைப் பார்த்தெழுதிய சில ஏடுகளோடும் நின்றது. மேலும், ஏடு பெரும்பாலும் ஆசிரியர் முன்னிலையிலேயே ஓதப்பட்டது. மாணாக்கன் மயங்கியவிடத்து ஆசிரியர் திருத்தினர். அச்சியந்திரம் வந்தபின் இவ்விரண்டும் மாறின. ஒரு வழு ஒரே நாளில் ஆயிரம் பிரதிகளிற் பரவுகின்றது. அப்பிரதிகள் ஆசிரியர் இல்லாத வீடுகளுக்குள்ளுந் தனியே புகுகின்றன. முன்னர் ஆசிரியர் நின்ற இடத்திலே இப்பொழுது நிற்பவர் யாவர்? அச்சிட்டு வெளியிட்டவரே. ஆசிரியருக்குரிய கடன் முழுவதும் அவர்மேலதாயிற்று என்க.

இவ்வுண்மையைத் தெளிவுற உணர்ந்து ஒழுகியவர் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் (1822-1879). யாழ்ப்பாணத்திலே அச்சுத்தொழிலை முன்னின்று வளர்த்தோர் மிஷனரிமாரென்பதை, அவர்கள் தாபித்த பாடசாலையிற் கற்ற யாம் மறைத்தல் நன்றியாகாது. அமெரிக்க மிஷனார் 1841 இலே உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கினர். நாவலரவர்களும் பேர்சிவற் பாதிரியாருக்குப் பைபிள் மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர்களே. பின்னர், 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்து, பிள்ளைகளுக்குத் தகுந்த புத்தகங்கள் வேண்டுமெனக் கருதி, சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து, வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார்கள். பாலபாடங்களைப் படிமுறையாக இயற்றினார்கள். 1852 இலே பெரியபுராணத்தை வசனநடையில் வெளியிட்டார்கள். 1861 இலே திருக்குறளைப் பரிமேலழகருரையோடு பதிப்பித்தார்கள்.

அவர்கள் பதிப்புக்களின் முகப்பிலே காணப்படும் ஒரு சொல்லை நம்மவர் ஊன்றி நோக்குவாராக. அது "பரிசோதித்து" என்பது. அச்சொல்லை யாம் ஒரு பிணையென்றே கொள்கின்றேம். படிப்பவன் பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்க வலியில்லாதவன். அவனுக்காகத் தாம் ஒப்புநோக்கினமையையும், வழுவுளதேல் தம்மையே வினாவலாமென்பதையும் பதிப்பாசிரியர் அச்சொல்லினாலே தெரிவிக்கின்றார். நூன்முகப்பிற் பெயர் பொறிப்பதன் பயன், வினாவுவோர்க்கு இடங்கொடுத்தலேயாம்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் (1832-1901) அப்பிணையை மற்றொரு படி உயர்த்தினார்கள். 1885 இலே தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887 இலே கலித்தொகையையும் அச்சேற்றிய அப்பெரியார், சிதைந்து கிடந்த சுவடிகளின் நிலையையும், அவற்றைத் தேடிப் பெற்ற வரலாற்றையும் தம் பதிப்புரைகளிலே மறையாது கூறினார்கள். தாம் நின்ற தளத்தின் உறுதியையும் உறுதியின்மையையும் படிப்பவனுக்குக் காட்டிவிடுதல், பின்வருவோர் திருத்துதற்கு வழிதிறந்து விடுதலாகும்.

பாடநூல் விஷயத்திலே இக்கடன் பன்மடங்காகின்றது. இலங்கையிலே 1980 முதலாக அரசாங்கம் பாடநூல்களை இலவசமாக வழங்கிவருகின்றது. ஏழைப் பிள்ளைக்குஞ் செல்வர் பிள்ளைக்கும் ஒரே நூல் கிடைத்தல் போற்றத்தக்கதே. எனினும், நாடெங்கும் ஒரே நூலாதலால், அதிற் புகுந்த வழுவும் நாடெங்கும் புகும். பரீட்சையிலே அவ்வழுவே விடையாய் நிற்குமாயின், உண்மையை எழுதிய பிள்ளை புள்ளியை இழக்கும். பொய்யை எழுதிய பிள்ளை பெறும். உண்மைக்குத் தண்டம் விதிக்கும் நூலினுங் கேடு வேறென்னை? ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை முன்னிட்டு மாதிரி வினாத்தாள்களை விரைந்து அச்சிட்டு விற்போரும் இதனைச் சிந்திக்கக் கடவர்.

இனிப் பத்திரிகைக்கு வருவாம். காங்கேசன்துறையிலிருந்து எழுதும் எமக்கு ஓருதாரணமே போதும். 1990 இலே எம்மூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தனர். உயர்பாதுகாப்பு வலயத்துள் அகப்பட்ட காணிகள், போர் முடிந்த 2009 இன் பின்னர்ப் பகுதிபகுதியாகவே விடுவிக்கப்பட்டன. இருபது முப்பது ஆண்டு காத்திருந்த குடும்பத்துக்கு, இன்ன பகுதி அடுத்த மாதம் விடுவிக்கப்படும் என்னும் ஒரு வரி எத்துணைப் பெரிது! அதனை நம்பி வாடகை வீட்டை விடுவர். நகையை அடைவு வைத்துக் கூரைக்குத் தகரம் வாங்குவர். அவ்வரி பொய்த்துவிடின், பத்திரிகைக்கு மறுநாள் வேறு செய்தி வரும். நட்டம் முழுவதும் நம்பினவனுக்கே. ஆதலால், தீர விசாரித்து எழுதுக. விசாரித்து முடியாததை அவ்வாறே குறித்து எழுதுக. பிழைத்துழி, பிழை வந்த பக்கத்திலேயே, அவ்வளவு பெரிய எழுத்திலேயே திருத்தமும் வெளியிடுக.

நாட்பத்திரிகைக்கு இத்துணை அவகாசம் ஏது என்பாரும் உளர். 2006 மே 2 ஆந் திகதி யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகைக் காரியாலயத்துட் புகுந்த ஆயுததாரிகள் ஊழியர் இருவரைக் கொன்றனர். செய்தியின்பொருட்டு உயிரே விலையாகக் கொடுக்கப்பட்ட நாட்டிலே, விசாரியாத செய்தியை அச்சேற்றுதல் அவ்விலையை வீணாக்குதலன்றோ?

பொய் எழுதாதிருத்தல் மாத்திரம் போதுமோவெனின், போதாது. எமக்கு அயலேயுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலிலே, சாதியினால் விலக்கப்பட்ட மக்கள் உட்சென்று வழிபடும் உரிமை வேண்டி 1968 இலே போராடினர். அக்கோயிலின் கோபுரத்தையுந் திருவிழாவையும் விரித்தெழுதி, அவ்வாண்டை மாத்திரம் விட்டுச்செல்லும் ஊர்வரலாற்றிலே பொய்யான வரி ஒன்றும் இராது. ஆயினும் அந்நூல் பொய்ந்நூலே. சமயத்தின் மானத்தைக் காத்தற்கு மறைத்தல் தகுமென்பர் சிலர். மறைத்ததைப் பிள்ளை பின்னர் வேறிடத்தில் அறியுமாயின், யாம் மெய்யாக எழுதிய ஏனையவற்றையும் ஐயுறும். அன்றியும், வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் மக்களும் எம் வாசகரே. அவர்களை விலக்கி எழுதப்படும் நூல் யாருக்கு வரலாறாம்?

1981 மே 31 ஆந் திகதி இரவு யாழ்ப்பாணப் பொதுசன நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அத்தகைய இழப்புற்ற நாட்டிலே பழைய நூல்களை மீள அச்சிடுதல் பேரறம். அங்ஙனம் அச்சிடுங்கால், முற்பதிப்பாசிரியர் பெயரையும், பதிப்புரையையும், பதிப்பித்த ஆண்டையும் நீக்கிவிடுதல், அவர் கொடுத்த பிணையைக் கிழித்தெறிதலை ஒக்கும். 2005 முதலாக நூலகம் என்னும் இணையச் சேகரம் ஈழத்து நூல்களை முகப்பேட்டோடு உள்ளவாறே படம்பிடித்து வழங்கிவருதல் இதற்கு நன்மாதிரியாம்.

அன்பர்களே, வாசகர் கடனும் ஒன்றுண்டு. பிள்ளைக்கு நூல் வாங்குமுன், அதற்குப் பிணைநிற்பவர் பெயர் உண்டோவென்று முகப்பை நோக்குங்கள். பிழை கண்டால் வெளியிட்டோர்க்கு எழுதுங்கள். வினாவுவோர் உளரென்று அறிந்த அச்சகம் ஒருமுறைக்கு இருமுறை பரிசோதிக்கும். வினாவுவோரில்லாத நாட்டிலே நல்லோரும் நாளடைவிற் சோர்வர்.