கூலியும் சாட்சியமும்

பிறரிடம் ஊதியம் பெறும் நாம் அவருக்கு உழைப்பைத் தருகிறோம். அத்துடன் நம் உள்ளத்தின் தீர்ப்பையும் தந்துவிடக் கடமைப்பட்டவர்களா? ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் வரலாற்றை வைத்து இதனைச் சற்றே சிந்திப்போம்.

சோவியத் நாட்டில் 1964ஆம் ஆண்டு 'மெலோதியா' என்னும் அரசு நிறுவனம் தோன்றியது. நாட்டிலிருந்த இசைத்தட்டு ஆலைகளும் ஒலிப்பதிவுக் கூடங்களும் அதன்கீழ் வந்தன. பாடலின் சொல்லையும் இசையையும் கலைக்குழுவினர் ஆராய்ந்து ஒப்பிய பின்னரே அது தட்டில் ஏறும். அவர்கள் மறுத்துவிட்டால் பாடகனுக்குப் போக்கிடம் வேறில்லை.

விளாதிமிர் விசோத்ஸ்கி என்னும் நடிகர் நூற்றுக்கணக்கான பாடல்களைத் தாமே எழுதிப் பாடினார். 1980இல் அவர் மறையும்வரை அவற்றுள் மிகச் சிலவற்றையே அந்நிறுவனம் வெளியிட்டது. மக்களோ ஒலிநாடாக்களில் படியெடுத்து வீடுதோறும் கேட்டுவந்தனர். 1987 முதல் அதே நிறுவனம் அவருடைய கச்சேரிப் பதிவுகளை வரிசையாக வெளியிட்டது. மாறியது ஆட்சியின் மனமேயன்றிப் பாடல்கள் அல்ல.

நம் நாடும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. 1952இல் அமைச்சர் பி. வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் நின்றன. செவ்விசையை வளர்க்கும் நோக்கம் அதில் இருந்ததை மறுப்பதற்கில்லை. ஆயினும் நேயர்கள் இலங்கை வானொலியை நாடினர். 1957இல் விவித் பாரதி தொடங்கியபோது அப்பாடல்களுக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

மேலிடம் தடுத்த பாடலை வெளியிட இயலாத ஊழியரைக் குற்றவாளி என்பது நியாயமாகாது. அவரை நம்பியும் ஒரு குடும்பம் உண்டு. ஆனால் நல்லதெனத் தாம் அறிந்த பாடலைத் தரமற்றது என்று கோப்பில் எழுதிக் கையொப்பமிட்டால்? 'அனுமதியில்லை' என்று எழுதுவது உள்ளதைச் சொல்வது. 'தகுதியில்லை' என்று எழுதுவதோ பொய்ச்சாட்சி. அமானிதத்தில் செய்யும் மோசடி.

அரசின் ஊதியத்தில் இருந்துகொண்டே இந்நேர்மையைக் காக்க இயலுமா? ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வு நிலையமும் அரசுப் பொருளில் இயங்குவதுதான். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் குறுக்கே செல்வதை அங்கே கவனித்தனர். எதிர்பாராத நேரத்தில் விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கியது. புதிய துணைக்கோளோ என்று கருதினர். கோளைச் சூழ்ந்த வளையம் அது என்பது பின்னர் தெளிவாயிற்று. விளக்கம் திருந்தியதற்குக் காரணம், பதிவை எவரும் அழிக்காமல் விட்டதேயாகும்.

விண்மீனால் எந்த அமைச்சருக்கும் கோபம் வருவதில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். எளிய இடத்தில் பழகிய நேர்மையே கடினமான இடத்தில் துணை நிற்கும் என்பதையும் மறவாதிருப்போம்.

வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி அனுப்புவோம். கட்டளைக்கு முன் கைகட்டி நிற்க நேரலாம்; கேட்டதைக் கேட்கவில்லை என்று மட்டும் எழுத வேண்டாம்.