பாடாத குரலின்மேல் நமக்கு உரிமை உண்டா?

1997ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கல்கி சதாசிவம் அவர்கள் மறைந்தார். அதன்பின் அவர்தம் துணைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி அம்மையார் பொதுமேடையில் கச்சேரி செய்யவில்லை. மறு ஆண்டு பாரத ரத்னா விருது வந்தது. மேடைக்கு அவர் திரும்பவில்லை. 2004 டிசம்பர் 11 அன்று மறையும் வரை அந்த மௌனம் நீடித்தது.

அந்நாளில் அரியாங்குப்பத்தில் நம் அண்டை வீட்டில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். அம்மையாரின் ஒலிநாடாக்களைப் பிள்ளைகளைப் போலப் பேணியவர். ஆனால் ஒருமுறையேனும் நேரில் கேட்டவரல்லர். ஆண்டுதோறும் "வரும் ஆண்டு சென்னைக்குப் போய்விடுவேன்" என்பார். மகளின் திருமணம், வீட்டுக் கடன் என்று ஆண்டுகள் கழிந்தன. அம்மையார் இனிப் பாடமாட்டார் என்ற செய்தி உறுதியானபோது, "நமக்காக இன்னும் ஓராண்டு பாடியிருக்கலாகாதா?" என்று கண்கலங்கினார்.

'நமக்காக' என்ற அச்சொல்தான் நம்மை உறுத்தியது. பாடியவருக்கு அப்போது வயது எண்பத்தொன்று. 1940இல் மணந்து, கச்சேரிகளை ஏற்பாடு செய்து, உடனிருந்து கேட்ட கணவரை இழந்தவர். தம் கச்சேரிகள் பலவற்றின் வருவாயை அறப்பணிகளுக்கு அளித்தவர். பொதுத்தொண்டுக்கென 1974இல் மகசாசே விருதும் பெற்றவர். கணக்குப் பார்த்தால் கடன்பட்டவர் கேட்டவரேயன்றிப் பாடியவர் அல்லர். கடனாளி மேலும் கேட்பது எந்த நியாயம்?

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தார் அளவு செய்துகொள்ள வேண்டிய நுகர்பொருள்களை இரண்டாகப் பிரிக்கிறார். உணவுபோல் ஒருமுறை துய்த்தவுடன் தீர்வது போகம். ஆடைபோல் மீண்டும் மீண்டும் துய்ப்பதற்குரியது உபபோகம். இசைக்கும் இவ்வளவுகோலை வைத்துப் பார்த்தோம். ஒலிநாடா உபபோகம், அது ஆசிரியரின் அலமாரியில் குறைவின்றி இருந்தது. கச்சேரியோ போகம், அன்றைய மாலையோடு தீர்வது. அப்படியாயின் அவர் இழந்தது யாது? கேட்ட பாட்டு ஒன்றும் போகவில்லை. போனது, தம் கைக்கு ஒருநாளும் வந்திராத 'வரும் ஆண்டு' ஒன்றே. பொருளின்மேல் வைக்கும் பற்றைக் காட்டிலும், வரப்போவதாக எண்ணிய பொருளின்மேல் வைக்கும் பற்று வலியது போலும்.

இதனை அவரிடம் சற்றுப் பெருமிதத்தோடே எடுத்துரைத்தோம். பொறுமையாகக் கேட்டவர், "நீங்கள் சொல்வது சரி. ஆனால் பசித்தவனிடம் சோறு தீர்ந்துபோகும் பொருள் என்று சொன்னால் பசி ஆறுமா?" என்றார். நமக்கு விடை தோன்றவில்லை. ஒலிநாடாவைச் சுழலவிட்டு இருவரும் திண்ணையில் அமர்ந்திருந்தோம்.

ஆண்டுகள் பல சென்றன. ஆசிரியரும் இன்றில்லை. பின்னணிப் பாடகி எஸ். ஜானகி அவர்கள் பாடுவதினின்று ஓய்வு பெறுவதாக 2016இல் அறிவித்து, 2017 அக்டோபரில் மைசூரில் விடைபெறும் நிகழ்ச்சியை நடத்தினார். 1957 முதல் திரையில் ஒலித்த குரல். நிறைவோடு விடைபெறுகிறார், மகிழ்வோம் என்றுதான் வீட்டாரிடம் கூறினோம். மறுநாள் காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் நாம் முதலில் தேடியது, அவர் மனம் மாறினார் என்ற செய்தி ஏதேனும் உண்டா என்பதையே.