வானத்துக் கண்ணும் வையத்துக் கடமையும்

வானம் யாருடையது? பண்டிதரைக் கேட்டால் தேவருடையது என்பார். அரசியலாரைக் கேட்டால் அவரவர் நாட்டின் மேலுள்ளது அவரவர்க்கே என்பார். விடியுமுன் பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, பால்மரத்தின்முன் உளியோடு நிற்கும் தொழிலாளியோ அண்ணாந்து நோக்கி, “இன்று மழை வருமா?” என்று மட்டுமே கேட்பான். பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. மங்கில் மழைநீர் நிறைந்தால் பால் வீண். பால் வீணானால் அன்றைய கூலிக்கும் கேடு. ஆகவே வானத்தோடு உண்மையான வழக்குடையவன் அவனே. அவன் பக்கம் நின்று இவ்வினாவை ஆராய்வோம்.

விண்வெளியை ஆராய்வதும் பயன்படுத்துவதும் எல்லா நாடுகளின் நலத்திற்காகவும் நடைபெறல் வேண்டும். எந்நாடும் அதனைத் தன்னுடைமை எனக் கொண்டாடலாகாது என்று 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை விதித்தது. எனினும் 1976இல், இந்தோனேசியா உள்ளிட்ட எட்டு நாடுகள் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் கூடி, பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள பாதையில், தத்தம் நாட்டின் மேலுள்ள பகுதி தமக்கே உரியதென அறிக்கை விடுத்தன. உலகம் அதனை ஏற்கவில்லை. சட்டத்தில் நில்லாத அக்கோரிக்கையினுள் நியாயமான அச்சம் ஒன்று இருந்தது: முந்தி ஏறியவன் இடமெல்லாம் பிடித்துக்கொண்டால், பிந்தி வரும் எளியவனுக்கு மிஞ்சுவது யாது?

இவ்வினாவோடு நம் நெகிரி செம்பிலானுக்கும் உறவுண்டு. 1951இல் சிரம்பானில் பிறந்த மஸ்லான் ஒத்மான் அம்மையார், நியூசிலாந்து சென்று கற்று, நாட்டின் முதல் வான்பௌதிக அறிஞரானார். வியன்னாவிலுள்ள ஐக்கிய நாடுகளின் விண்வெளி விவகார அலுவலகத்துக்கு 1999 முதல் 2002 வரையும், 2007இல் தொடங்கி மீண்டும் சில ஆண்டுகளும் தலைமை தாங்கினார். ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் பிறந்த பெண்ணொருவர், விண்ணை உலக நாடுகள் ஒற்றுமையாய்ப் பயன்படுத்தும் பணிக்குத் தலைமை வகித்தார் என்பது, நம் சிறுமியர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய செய்தியாகும்.

நிற்க. “பசித்தவனுக்குச் சோறா வேண்டும், செயற்கைக் கோளா வேண்டும்?” என்று வினவுவாருளர். கேள்வி நேர்மையானதே. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், அமெரிக்காவின் கோள் ஒன்றைக் கொண்டு, இந்தியா ஆறு மாநிலங்களில் ஏறக்குறைய 2,400 கிராமங்களுக்கு உழவு, உடல்நலம், கல்வி பற்றிய தொலைக்காட்சிப் பாடங்களை ஒளிபரப்பியது. அக்கிராமத்தார்க்கு விண்கோள் ஓர் ஆசிரியனாயிற்று. ஆயின் ஆண்டு முடிந்ததும் அமெரிக்கக் கோளை அமெரிக்கர் திரும்ப எடுத்துக்கொண்டனர். இந்தியா அப்பாடத்தையும் கற்று, 1982 முதல் இன்சாட் கோள்களைத் தன்னுடைமையாக ஏற்றியது. இரவல் வாங்கியது தவணை முடிந்தால் போய்விடும். உரிமையாய்ப் பெற்றதே நிலைக்கும்.

அங்ஙனமாயின் ஒவ்வொரு நாடும் தனித்தே நிற்க வேண்டுமா? அதுவும் இயலாது. 2000ஆம் ஆண்டில் மலேசியா ஏற்றிய தியூங்சாட், பிரிட்டிஷாரோடு சேர்ந்து செய்யப்பட்டு, கசக்ஸ்தானத்திலிருந்து ஏறியது. 2009இல் ஏறிய ரசாக்சாட் தென்கொரியருடன் கூடிச் செய்யப்பட்டு, மார்ஷல் தீவுகளிலிருந்து அமெரிக்க ஏவுகணையில் சென்றது; எதிர்பார்த்த ஆயுளை அது எட்டவில்லை. பிறர் கைப்பிடித்து ஏறுதல் இழிவன்று; என்றும் பிறர் தோளிலேயே இருந்துவிடுதலே இழிவு.

இனி, நம் மூக்குக்கு எட்டும் விஷயத்திற்கு வருவோம். சுமாத்திராவின் கரிநிலங்கள் எரியும்போது, தென்மேற்குக் காற்று அப்புகையை மலாக்கா நீரிணை கடந்து போர்ட்டிக்சன் கரைக்கும், அப்பால் தோட்டங்களுக்கும் கொணர்கிறது. 1997இல் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கும் அளவிற்குப் புகை மூடியது. 2015இல் பல மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டன. அமெரிக்காவின் தெரா, அக்குவா என்னும் கோள்கள் மண்ணில் எழும் வெப்பத்தைக் கண்டு நெருப்பின் இடத்தைக் குறித்தன. 2014இல் ஏறிய ஜப்பானின் இமவாரிக் கோள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுத்தது. 1993இல் அமைந்த ஆசியான் வானிலை மையம், சிங்கப்பூரிலிருந்து அத்தீப்புள்ளிகளைக் கணக்கிட்டு அண்டை நாடுகளுக்கு அறிவிக்கிறது. இதுவன்றோ நாடுகளின் ஒத்துழைப்பு!

ஆனால் கண்டது போதுமா? எல்லை கடந்த புகை பற்றிய ஆசியான் உடன்படிக்கை 2002இல் கோலாலம்பூரில் கையொப்பமாயிற்று. நெருப்பெரியும் இந்தோனேசியா அதனை ஏற்றது 2014இல்தான். பழியை அவர்மீதே சுமத்திவிட்டு நாம் கைகழுவுதலும் கூடாது. மலேசியரும் சிங்கப்பூரரும் முதலிட்ட தோட்டங்களும் அந்நாட்டில் உள. புகை அயல்நாட்டதாயினும், அதன் அடியிலுள்ள இலாபத்தில் ஒரு பங்கு உள்நாட்டதாயிருக்கலாம். கண் ஆயிரம் இருந்தும், தீயை மிதித்தணைக்கக் கால் ஒன்றில்லையேல், காட்சி வெறும் வேடிக்கையாகவே முடியும்.

ஆகலின் நாம் கொள்ளும் முடிவு இது: காணாதவன் பிழையைப் பொறுக்கலாம், கண்டும் வாளாவிருப்பவனுக்கு மன்னிப்பில்லை. விண்ணில் கண் வைத்த ஒவ்வொரு நாடும் அக்கணமே மண்ணில் கடமை ஒன்றை ஏற்றுக்கொண்டதாகும். வானிலிருந்து நோக்கப்படும் நாடும் தன்னைப் பற்றிய விவரங்களை நியாயமான விலையில், வேற்றுமையின்றிப் பெறலாம் என்று ஐக்கிய நாடுகள் சபை 1986இல் வகுத்த கொள்கை நன்றே. ஆயினும் அக்கொள்கை நாட்டின் வாயிலோடு நின்றுவிடுகிறது. லயத்தின் வாயிலுக்கு அதனைக் கொணர்வார் யார்? புகையின் அளவு கைப்பேசியில் வந்தும், தமிழ் மட்டும் அறிந்த மூதாட்டிக்கு அது புரியாவிடில் பயனென்ன? “புகைநாளில் வெளிவேலை தகாது” என்னும் அறிவுரை, அந்நாளின் கூலிக்கு வழி சொல்லாவிடில் பாதி அறமேயன்றோ?

மற்றொன்றும் சொல்லியாக வேண்டும். பால்மரம் நின்ற பல இடங்களில் இன்று செம்பனை நிற்கிறது. நம்மவருள் பலர் லயம் விட்டுப் பட்டணம் புகுந்தனர். அவ்விடங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் உழைக்கின்றனர். நேற்று நாம் சுவாசித்த புகையை இன்று அவர்கள் சுவாசிக்கின்றனர். வானம் பொதுவென்று நாடுகளிடம் வாதிக்கும் நாம், அவர்களை அயலாரென்று ஒதுக்கினால் நம் வாதம் நம்மாலேயே பொய்த்துப் போகும்.

எனவே அன்பர்களே! புகை நாளில் அளவைப் படித்தவர் படியாதவர்க்கு அவரவர் மொழியில் உரைப்பீர். சங்கத்தார் அந்நாளின் கூலி பற்றிய கேள்வியை முதலாளிமார் முன் வைப்பீர். தமிழ்ப் பள்ளி ஆசிரியர், இரவு வானில் நகரும் ஒளிப்புள்ளியைச் சிறுவர்க்குக் காட்டி, அதுவும் மனிதன் ஆக்கியதே, அதன் பயனில் உனக்கும் பங்குண்டு என்று சொல்லுவீர். வானம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை வானத்தில் இல்லை. அதனடியில் நிற்பவரை நாம் எங்ஙனம் நடத்துகிறோம் என்பதிலேயே இருக்கிறது.