மதிலைத் தாண்டும் பழம்

என் தோட்டத்தில் நான் எந்தச் செடியை வைத்தால் மற்றவர்களுக்கு என்ன? முட்டுக்காடு தாண்டி மாமல்லபுரம் வரை ஈசிஆரில் போகும்போதெல்லாம் இந்தக் கேள்வி வரும். வரிசையாக மதில்கள், உள்ளே காசு கொடுத்து வாங்கிய பச்சை. இடம் அவர்களுடையது, தண்ணிச் செலவும் அவர்களுடையது.

வெறும் புல் என்றால் விட்டுவிடலாம். பழச்செடி என்றால் விஷயம் வேறு. பழத்தைத் தின்ற கொண்டைக்குருவி எங்கோ போய் விதையை எச்சமாகப் போடும். குருவிக்குப் பட்டா சிட்டா தெரியாது.

உண்ணிச்செடி அப்படித்தான் பரவியது. வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இதை 19ஆம் நூற்றாண்டில் அழகுக்கும் வேலிக்கும் இங்கே வளர்த்தார்கள். இன்று செங்கல்பட்டுப் பக்கத்துப் புதர்க்காடுகளிலும் மண்டிக் கிடக்கிறது. மாடு தின்றால் ஈரல் கெடும். அதன் அடர்ந்த நிழலில் மற்ற கன்றுகள் எழும்புவது கஷ்டம். சோழமண்டலக் கரைக்கென்றே உலர் பசுமைமாறாக் காடு ஒன்று உண்டு. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, கோடையிலும் பச்சையாக நிற்கும் குட்டைக் காடு. அங்குள்ள காரையையும் கிளாவையும்கூடக் குருவிகள்தான் விதைக்கின்றன. ஒரே தரைக்கு இரண்டு தரப்பும் போட்டி.

'அந்நியச் செடி, பிடுங்கி எறி' என்று முடித்துவிடலாம். எனக்கு மனசு ஒப்பவில்லை. மிளகாயும் கொய்யாவும் அதே அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். மனுஷன்மேலேயே 'வந்தேறி' என்ற சொல்லை வீசுகிற காலத்தில், அதைச் செடியிடம் பழகிக்கொள்வது பயமாக இருக்கிறது.

பிரிட்டனில் கதை தலைகீழ். அங்கே தரையை மூட வளர்க்கும் கோட்டோனியாஸ்டரில் சிற்றிலை வகை நம் இமயமலைச் செடி. வருஷம் முழுக்கப் பச்சை, சிவப்புப் பழம். பறவைகள் அதைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோயின. 2010இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை இயற்கை வெளியில் வளர்ப்பது குற்றமானது. தோட்டத்தில் வைக்கத் தடையில்லை. சட்டமும் மதிலோடு நின்றுவிட்டது.

ஆக, பூர்வீகம் இதைத் தீர்க்காது. நான் கேட்பது வேறு: இந்த அழகுக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? 19ஆம் நூற்றாண்டில் நட்டவருக்கு விளைவு தெரியாமல் இருந்திருக்கலாம். நமக்குத் தெரியும். ஆனாலும் அழகு வகைகளை நர்சரிகளில் 'லாண்டானா' என்று இன்றும் விற்கிறார்கள், வாங்குகிறோம்.

கிளாவும் பசுமை மாறாதது. வெள்ளைப் பூ, கறுத்த பழம், காயில் ஊறுகாயும் போடலாம். முள் பெரிசு, குழந்தைகளைக் குத்தும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த முள் நட்டவரின் மதிலுக்குள்ளேயே குத்தும். உண்ணிச்செடிக்கான விலையை வெளியே மாடு மேய்க்கிறவர் கொடுக்கிறார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.