கண்டெடுத்த பொன் யாருக்குரியது?

பொன் தேடும் ஆசை மிகப் பழமையானது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 1851ஆம் ஆண்டு பொன் வெளிப்பட்டபோது, பல நாட்டு மக்களும் அங்குத் திரண்டனர். இன்று அம்மாநிலத்தில் பொழுதுபோக்காகப் பொன் தேடுவோர் சங்கங்கள் அமைத்து, உரிமம் பெற்று, ஓடை மணலைத் தட்டிலிட்டு அலசுகின்றனர். பொன் நீரினும் பத்தொன்பது மடங்கு கனமுடையதாதலின் அடியில் தங்குகிறது. மணல் நீரோடு போகிறது. தோண்டிய குழியை மூடிச் செல்வது அவர்தம் நெறி. அப்பொன்னை முன்பு அணிந்தவருமிலர், இழந்து வருந்துவாருமிலர்.

சிங்கப்பூரில் அத்தகைய ஓடைகள் இல்லை. எனினும் தேடுவோர் உளர். கடலை மண்ணால் நிரப்பும் பணி 1966ஆம் ஆண்டு தொடங்கி உருவான ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில், உலோகங்காட்டும் கருவியுடன் சிலர் நடக்கின்றனர். அம்மணலில் கிடைக்கும் மோதிரம் இயற்கையின் கொடையன்று. யாரோ ஒருவர் விரலினின்று நழுவியது.

வெயிலில் உழைத்துத் தேடியவனுக்கு அது உரியதாகாதா என வினவலாம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தை ஒட்டி 1871ஆம் ஆண்டில் இங்கு இயற்றப்பட்ட சட்டம் இதற்கு விடை தருகிறது. கண்டெடுத்தல் குற்றமன்று; உடையவரை அறிந்தும், அறிய முயலாதும் தனதாக்கிக்கொள்வதே குற்றம். வள்ளுவரும் கள்ளாமையோடு நில்லாது, வெஃகாமைக்கும் தனி அதிகாரம் வகுத்தார். கை களவு செய்யாதபோதும் மனம் பிறர் பொருளை விரும்பக்கூடும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

லிட்டில் இந்தியாவின் சிராங்கூன் சாலையில் நகைக்கடைத் தராசு ஒன்றில் அம்மோதிரத்தை இட்டால், அதன் எடை தெரியும். முதற் சம்பளத்தில் வாங்கியதா, தாய் இறக்குமுன் கழற்றித் தந்ததா என்பது தெரியாது. உருக்கிவிட்டாலோ, உள்ளே பொறித்த பெயரும் அழிந்துபோகும். அதன்பின் உடையவர் வந்து கேட்டாலும் காட்டுதற்கு அடையாளம் இராது. ஆதலின் உருக்குமுன் உசாவுவதே கண்டெடுத்தவன் கடன்.

தொலைத்தவர் வேண்ட, அதே கருவியால் மணலைத் துழாவி மோதிரத்தை மீட்டுத் தருவோரும் உளர். அவர் பட்ட வெயிலும் அதே வெயில்தான். தேடும் இன்பத்தில் அவர்க்கு எக்குறையுமில்லை. இழந்தவர் முகம் மலர்வதைக் காணும் பேறு மட்டும் மிகுதியாகக் கிடைக்கிறது.