கொட்டை மறைந்த கதை

கடையில் வாங்கிய நேந்திரம்பழத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். நடுவே கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள்: விதையாகாமலே நின்றுபோன சூல்கள். காட்டு வாழையில் அந்த இடத்தில் பல்லை உடைக்கும் கொட்டைகள்தான், சதை பெயருக்குத்தான்.

பப்புவா நியூ கினியின் கூக் சதுப்பு நிலத்தில் சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன்பே வாழை பயிரிட்டிருக்கிறார்கள். கொட்டை குறைந்த மரத்தின் பக்கக்கன்றையே தேடித் தேடி நட்ட அந்த உழவர்களின் பொறுமை எந்த ஆய்வுக்கூடச் சாதனைக்கும் குறைந்ததல்ல.

ஆனால் கன்றெல்லாம் தாயின் நகல். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். பனாமா வாடல் நோய் 1960களுக்குள் குரோ மிஷெல் ரகத்தை ஏற்றுமதிச் சந்தையிலிருந்தே விரட்டிவிட்டது. நோய் தாங்கும் ரகம் தேடுகிறவர்கள் இன்று திரும்பவும் கொட்டையுள்ள காட்டு வாழையிடம்தான் போகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் அது இன்னும் இருக்கிறது.