கல்வராயன் மலைக்கு ஒரு பள்ளி வேன்

கள்ளக்குறிச்சியில் கிளம்பும் பள்ளி வேன் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையில் சற்று நின்று, மலைப்பாதையின் வளைவுகளில் ஏறி வெள்ளிமலைக்குப் போய்ச் சேரும். வழியில் இரண்டு பிள்ளைகளாவது வாந்தி எடுப்பார்கள். அருவி பார்த்து, புளிச்சோறு தின்று, சாயங்காலம் இறங்கிவிட்டால் அதில் அறம் சார்ந்த கேள்வி பெரிதாக எழாது, குப்பையைத் திரும்ப எடுத்து வந்தார்களா என்பதைத் தவிர. பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் ‘பழங்குடி மக்களின் பண்பாட்டையும் நிலத்தையும் அறிதல்’ என்று ஆசிரியர் எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அருவியிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மனிதர்களைப் பார்க்கப் போவதென்றால் எந்த உரிமையில் போவது?

கல்வராயன் மலையில் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். இந்தப் பெயருக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை, பேச்சு தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்ததாகவும், அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறியதாகவும் அவர்களே சொல்லும் கதை உண்டு. கும்பிடும் சாமிகளில் கரிராமன் முக்கியமானவர். சாமையும் தினையும் விளைந்த கொல்லைகளில் இன்று மரவள்ளி நிற்கிறது. கிழங்கு லாரியேறி ஆத்தூர், சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. கடுக்காய் பொறுக்குவதிலும் கொஞ்சம் காசு வரும். மலையில் வேலை இல்லாத மாதங்களில் கேரளத்துத் தோட்டங்களுக்கும் திருப்பூருக்கும் குடும்பத்தோடு போகிறவர்கள் பலர்.

இறகு செருகிய ஆதிவாசியை எதிர்பார்த்து வரும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு, வாசலில் பைக் நிற்கும் வீடுகளைப் பார்த்தால் சப்பென்று போகும். போகட்டும். அந்தப் பிள்ளை அன்றைக்குக் கற்றுக்கொள்ளும் மிக நல்ல பாடம் அதுவாகவே இருக்கலாம். கெடுதல், அந்த ஏமாற்றத்தைத் தீர்க்கப் பெரியவர்கள் செய்யும் ஏற்பாட்டில் வருகிறது: ‘பிள்ளைங்க அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்காங்க, ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க.’ திருவிழாவில் சாமிக்கு ஆடுவதை வேன் வந்த நேரத்துக்கு ஆடச் சொல்வது சின்ன விஷயம்போலத் தெரியும். அந்தமானில் ஜாராவா பழங்குடிப் பெண்களைத் தின்பண்டம் காட்டி ஆடவைத்த காணொளி 2012-இல் வெளிவந்தபோது நாடே முகம் சுளித்தது. அளவில் இரண்டுக்கும் வெகுதூரம். ஆனால் ஒரு தரப்புக்குப் பார்க்கும் வேலை, மறுதரப்புக்குப் பார்க்கப்படும் வேலை என்ற ஏற்பாடு இரண்டிலும் ஒன்றுதான். எட்டு வயதில் அதைப் பழகியவர்கள் நாற்பது வயதில் அதிகாரியாகவோ சுற்றுலாப் பயணியாகவோ மலையேறும்போதும் அப்படியே பார்ப்பார்கள்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்று தோன்றும். அதிலும் குற்றமில்லாமல் தப்பிக்க முடியாது. பள்ளி சொல்லித்தராவிட்டாலும் மலையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க டீக்கடையும் தொலைக்காட்சியும் இருக்கின்றன. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்திலேயே, கருணாபுரத்திலும் அதைச் சுற்றியும், விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. அவர்கள் குடித்தது ஆலைத் தொழிலுக்கான மெத்தனால் கலந்த திரவம். ஆனாலும் அடுத்த நாட்களில் செய்திகளில் ஓடியது கல்வராயன் மலையில் சாராய ஊறல் அழிக்கப்பட்ட படம். மலையில் சாராயம் காய்ச்சப்பட்டது உண்மை. மலைக்காரன் என்றாலே சாராயக்காரன், இல்லையென்றால் செம்மரம் வெட்டுகிறவன் என்று ஒரு மாவட்டமே பேசப் பழகியதும் உண்மை. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்த மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, மருத்துவம், பள்ளி பற்றி அரசிடம் கேள்வி கேட்டது. அது டீக்கடைப் பேச்சில் அவ்வளவாக ஏறவில்லை. இந்தப் பேச்சுக்கு நடுவே வளரும் பிள்ளைக்கு, ஒரு மலையாளி ஆத்தாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் கதை கேட்கும் வாய்ப்பை மறுப்பதும் ஒரு தீர்மானம்தான். அதற்கும் விளைவு உண்டு.

போகலாம் என்றே வைத்துக்கொண்டால், எதைச் சொல்வது? பெரும்பாலான பள்ளிகள் தடுக்கி விழும் இடம் இது. சாமைச் சோறு, மூங்கில் கூடை, மூலிகை என்று பண்பாட்டைச் சொல்லிவிட்டு நிலத்தை விட்டுவிடுகிறார்கள். கல்வராயன் மலையின் இந்தப் பக்கம் நெடுங்காலம் சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களாக இருந்தது. உழுதவர்கள் ஜாகிர்தாருக்கு வரி கொடுத்தார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். நாடு விடுதலை அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1976-இல்தான் ஜாகிர் முறை ஒழிந்து மலை அரசின் கைக்கு வந்தது. பட்டா, காட்டு எல்லை, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அங்கே இன்றும் அன்றாடப் பேச்சு. இதைத் தொடாமல் கூடையை மட்டும் காட்டினால், அந்த மக்கள் எந்தச் சண்டையும் இல்லாமல் காட்டில் சும்மா இருக்கிறவர்கள் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று பெற்றோர் கேட்பார்கள். நல்லதங்காள் ஏழு பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளிய கதையைக் கேட்டுத் தூங்கும் ஊர் இது. ‘இந்தக் கொல்லையில் உழைத்தவருக்கு ரொம்ப நாள் இந்தக் கொல்லை சொந்தமில்லை’ என்ற ஒரு வரியைத் தாங்க எட்டு வயது போதும். அது அநியாயம் என்று புரிவதற்கு அந்த வயதே தோதான வயது.

ஆனால் அந்த வரியை யார் சொல்வது, அதைச் சொல்ல மலை மக்களுக்கு விருப்பமா என்பதும் முக்கியம். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறையில் ஏற வேண்டாம் என்று அங்குள்ள அனங்கு மக்கள் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிலம் 1985-இல் அவர்கள் பெயருக்குத் திரும்பிய பிறகும் சுற்றுலாக்காரர்கள் ஏறினார்கள். 2019 அக்டோபரில்தான் ஏற்றம் நின்றது. ‘வேண்டாம்’ என்ற சொல்லுக்கு மதிப்பு இல்லாத இடத்தில் ‘வாருங்கள்’ என்பதை உண்மையான அழைப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. தலைமையாசிரியர் வட்டார அலுவலகத்தில் கையெழுத்து வாங்கினால் பயணத்துக்கு அனுமதி கிடைத்துவிடும். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே போய்க் கேட்பது வேறு. எந்தக் கோயிலுக்குள் வரலாம், எந்தக் கதையைச் சொல்வார்கள், கிழங்கு பிடுங்கும் வாரத்தில் வரலாமா என்பதை அவர்கள் முடிவு செய்ய வேண்டும். ‘இந்த வருஷம் வேண்டாம்’ என்றால் வேனைத் திருப்ப வேண்டும்.

காசு விஷயத்தையும் மறைக்க வேண்டியதில்லை. ஒரு நாள் வேலையை விட்டு வந்து கற்றுக்கொடுப்பவருக்குக் கூலி உண்டு. பழைய துணி மூட்டையும் பிஸ்கட் பாக்கெட்டும் கூலியாகாது. அவற்றைக் கொடுக்கும் பிள்ளை, தான் கொடுப்பவன், எதிரே நிற்பவர் வாங்குபவர் என்று மனதில் எழுதிக்கொள்கிறது. படம் பிடிக்கும் ஆசை வராமலிருக்க, ஆசிரியர்களின் செல்போன்கள் வேனிலேயே இருந்தால் இன்னும் நல்லது.

இதையெல்லாம் சரியாகச் செய்த பள்ளியிடமும் கேட்க ஒன்று மிச்சம் இருக்கிறது. மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளைகள் எப்போது இறங்கி வந்து, கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளின் பண்பாட்டையும் நிலத்தையும் அறிவார்கள்? கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையைக் காட்டலாம், 2019-இல் பிறந்த மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகத்தைக் காட்டலாம். பிறகு ஒரு வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும், சோறு போட வேண்டும். ஊரும் காலனியும் ஏன் தனித்தனியாக இருக்கின்றன என்று அவர்களில் ஒருவர் கேட்டால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பயணத்துக்கும் பணம் இல்லையென்றால் ஒரு வருஷம் இவர்கள், மறு வருஷம் அவர்கள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். முதல் வருஷம் அவர்கள் வரட்டும்.